‘அந்த நாள்’ (1954): பாராட்டு, புறக்கணிப்பு, பிறகு வந்த புகழ் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய படம் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் வாக்குவாதம் செய்வது எங்கள் நண்பர் கூட்டத்தின் வழக்கம். ‘அந்த நாள்’ போடும் இரவுகளில் மட்டும் வாக்குவாதம் அரை மணியில் முடிவதில்லை. வெவ்வேறு வயது ஆட்களோடு இந்தப் படத்தை ஏழெட்டு முறையாவது பார்த்திருப்பேன். ஆள் மாறுகிறதே தவிர, சந்தேகம் மாறுவதில்லை. ஒவ்வொரு முறையும் தொண்டை வறளப் பேசுவதற்குப் பதிலாக எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

ஒரு எச்சரிக்கை: கொலையாளி யார் என்பது பிற்பகுதியில் வருகிறது. அந்த இடம் வந்ததும் சொல்கிறேன். படம் பார்க்காதவர்கள் அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

‘அந்த நாள்’னு ஒரு படமா? நான் கேள்விப்பட்டதே இல்லையே.

1954 ஏப்ரல் 13 அன்று, தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி வெளியான, லோ பட்ஜெட்டில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். எஸ். பாலசந்தர் இயக்கம், ஜாவர் சீதாராமன் எழுத்து, மாருதி ராவ் ஒளிப்பதிவு. தயாரித்தது ஏவி. மெய்யப்பன். சிவாஜி கணேசன், பண்டரிபாய், டி. கே. பாலச்சந்திரன், மேனகா, சூர்யகலா, பி. டி. சம்பந்தம் நடித்திருக்கிறார்கள். துப்பறியும் அதிகாரியாக ஜாவர் சீதாராமனே வருகிறார்.

தமிழில் பாட்டு, நடனம், சண்டை எதுவும் இல்லாமல் வந்த முதல் படம் இதுதான். இதைத் தெரிந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இந்த ஒரு தகவல்தான் தெரியும். அதில் எனக்கு ஒரு குறை உண்டு, பிறகு சொல்கிறேன்.

பாலசந்தர்னா நம்ம கே. பாலசந்தரா?

இல்லை. இவர் எஸ். பாலசந்தர், வீணை பாலசந்தர் என்றால் பெரியவர்களுக்கு உடனே தெரியும். வீணையில் மேதை, பத்மபூஷண் பெற்றவர். நடித்திருக்கிறார், இசையமைத்திருக்கிறார், இயக்கியிருக்கிறார். ‘அந்த நாள்’ எடுத்தபோது அவருக்கு வயது 27. கே. பாலசந்தர் இயக்குநராக வந்தது 1960களில். இந்தக் குழப்பம் வராமல் எந்த உரையாடலும் முடிந்ததில்லை என்பதால் இதை முன்னாலேயே வைத்துவிட்டேன்.

கதையைக் கெடுக்காம ரெண்டு வரியில சொல்லுங்க.

1943 அக்டோபர் 11ஆம் தேதி ஜப்பானிய விமானம் ஒன்று சென்னையின் மேல் குண்டு போட்டது. அது நிஜமாக நடந்த சம்பவம். அந்த நாட்களில் ராஜன் என்ற ரேடியோ இன்ஜினியர் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்படுகிறார். மனைவி உஷா, தம்பி பட்டாபி, தம்பி மனைவி ஹேமா, ரகசியக் காதலி அம்புஜம், பக்கத்து வீட்டுச் சின்னையா என்று ஐந்து பேர் மேல் சந்தேகம். ஒவ்வொருவரும் வாக்குமூலம் கொடுக்கக் கொடுக்க, சந்தேகம் அடுத்தவர் பக்கம் திரும்பிக்கொண்டே போகிறது.

ராஜனாக நடித்தவர் சிவாஜி. படம் தொடங்கிய கையோடு அவரைக் கொன்றுவிடுகிறார்கள். மீதிப் படம் முழுக்க அவரை மற்றவர்களின் நினைவில்தான் பார்க்கிறோம்.

ஏவி.எம். படம், சிவாஜி ஹீரோ. இதைப் போய் லோ பட்ஜெட்னு எப்படிச் சொல்றீங்க?

நியாயமான கேள்வி. ஏவி.எம். சிறிய நிறுவனமும் இல்லை, கையில் காசு இல்லாத நிறுவனமும் இல்லை. ஆனால் படத்தின் செலவுக் கணக்கை மனதுக்குள் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான காட்சிகள் ஒரு வீட்டுக்குள் நடக்கின்றன. பாத்திரங்கள் கை விரல்களில் எண்ணும் அளவு. அரண்மனை இல்லை, தர்பார் இல்லை, குதிரை இல்லை, துணை நடிகர் கூட்டம் இல்லை. பாட்டு இல்லாததால் பாடகர் சம்பளமும் நடனக் குழுவும் அதற்கான செட்டும் மிச்சம். பாட்டுப் படங்கள் மூன்று மணி நேரத்தைத் தொட்ட காலத்தில் இது இரண்டு மணி சொச்சம்தான். அப்போதைய ராஜா ராணிப் படங்களுக்குப் பக்கத்தில் வைத்தால் இது கைக்கு அடக்கமான முயற்சி. அந்த அர்த்தத்தில்தான் சொல்கிறேன்.

சிவாஜி விஷயம்: அப்போது அவர் சினிமாவுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ‘பராசக்தி’ வெளியானது 1952 அக்டோபரில். தவிர, அவர் இந்தப் படத்தின் முதல் தேர்வும் இல்லை. எஸ். வி. சஹஸ்ரநாமம், கல்கத்தாவில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த என். விஸ்வநாதன் என்று வேறு நடிகர்களைப் போட்டுத் தொடங்கி, திருப்தி இல்லாமல் கடைசியில்தான் சிவாஜியிடம் வந்தார்கள் என்பது திரையுலகில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை.

உண்மையிலேயே ஒரு பாட்டுகூட இல்லையா? பின்னணியில்கூட?

பின்னணி இசை உண்டு, பாட்டு இல்லை. முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) ஐம்பது பாட்டு வரை வைத்திருந்தது என்று கணக்குச் சொல்வார்கள். 1950களில் அது பத்தாகக் குறைந்திருந்ததே பெரிய சிக்கனம். அங்கிருந்து பூஜ்யத்துக்கு இறங்கியது இந்தப் படம்.

வேடிக்கை என்னவென்றால், இதைச் செய்த இருவரும் சங்கீதத்தால் வாழ்ந்தவர்கள். இயக்கியவர் வீணை வித்வான். தயாரித்த மெய்யப்பன் தொழிலில் கால் ஊன்றியதே கிராமபோன் ரெக்கார்டு வியாபாரத்தில், சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலமாக. இந்தப் படத்தின் பின்னணி இசைக்குக்கூட சரஸ்வதி ஸ்டோர்ஸ் வாத்தியக் குழுவின் பெயர்தான் வருகிறது. ரெக்கார்டு விற்றவர் ரெக்கார்டு போட முடியாத படம் எடுத்தார்.

வெளியானப்போ விமர்சனம் எப்படி இருந்தது?

நன்றாகவே இருந்தது. புதுமை, துணிச்சல், எழுத்து, ஒளிப்பதிவு எல்லாவற்றையும் பாராட்டினார்கள். அரசு அங்கீகாரமும் கிடைத்தது. 1954ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் தமிழ்ப் படங்களுக்கான தகுதிச் சான்றிதழ் ‘அந்த நாள்’ படத்துக்கு வந்தது.

அதே ஆண்டு தமிழில் வெள்ளிப் பதக்கம் வாங்கிய படம் எது தெரியுமா? எம்.ஜி.ஆர். நடித்த ‘மலைக்கள்ளன்’. பாட்டும் சண்டையும் நிறைந்த படம், பெரிய வசூலும் கூட. விருதுக் குழு பாட்டுப் படங்களைத் தள்ளிவிட்டுச் சோதனை முயற்சிகளைத் தேடிப் பிடித்தது என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டும் ஒரே பட்டியலில் இருந்தன.

இவ்வளவு பாராட்டியும் ஏன் ஓடலை?

‘பாட்டு இல்லை, அதனால் ஓடவில்லை’ என்பதுதான் ஆயத்தப் பதில். அது பாதி உண்மை.

அந்தக் காலத்தில் பாட்டு என்பது படத்தின் விளம்பரம். கிராமபோன் ரெக்கார்டும், தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகமும்தான் படத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தன. படம் பார்த்துவிட்டு வந்தவர் மறுநாள் முணுமுணுக்கும் இரண்டு வரி, அடுத்த பத்துப் பேரைக் கொட்டகைக்கு அனுப்பும். ‘அந்த நாள்’ பார்த்துவிட்டு வந்தவர் எதை முணுமுணுப்பார்? கொலைகாரர் பெயரையா? அதைச் சொன்னால் அடுத்தவர் டிக்கெட் எடுக்கவே மாட்டார். சஸ்பென்ஸ் படத்துக்கும் வாய்வழி விளம்பரத்துக்கும் பிறவிப் பகை. பாட்டு இருந்திருந்தால் அந்தப் பகையைச் சமாளித்திருக்கலாம். இங்கே அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

இன்னொன்று, மாட்டினி போகிறவரின் கண்ணால் பாருங்கள். 1954 மார்ச்சில் ‘மனோகரா’ வந்திருந்தது. சங்கிலியோடு சிவாஜி முழங்கிய வசனங்கள் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும் நேரம். ஆறு வாரம் கழித்து அதே நடிகர், வந்த வேகத்தில் செத்துக் கிடக்கிறார், பிற்பாடு நினைவுக் காட்சிகளில் அடங்கின குரலில் பேசுகிறார். அதுவும் போகட்டும், ‘அந்த நாள்’ வெளியான அதே ஏப்ரல் 13ஆம் தேதி சிவாஜியின் இன்னொரு படமும் வெளியானது: ‘கல்யாணம் பண்ணியும் பிரம்மச்சாரி’. சிரிப்பும் பாட்டும் உள்ள படம். புத்தாண்டு அன்று குடும்பத்தோடு கிளம்பியவர் எந்தக் கொட்டகைப் பக்கம் திரும்பியிருப்பார் என்று யோசித்தால், தோல்விக்குப் பாதிக் காரணம் தெரிந்துவிடும். மீதிப் பாதி கதையிலேயே இருக்கிறது. அதைக் கொலையாளி பற்றிய பகுதிக்குப் பிறகுதான் பேச முடியும்.

அப்போ அந்தக் காலத்து ஜனங்களுக்கு ரசனை இல்லைன்னுதானே அர்த்தம்?

இந்தக் கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்கள். கேட்கும்போது ஒரு சின்னச் சிரிப்பும் இருக்கும். எனக்கு அது பிடிப்பதில்லை.

தரை டிக்கெட் வாங்கியவருக்கு சினிமா என்பது கதை மட்டும் இல்லை. கூத்து, நாடகம், கச்சேரி, சொற்பொழிவு எல்லாம் ஒரே டிக்கெட்டில். இடைவேளைக்கு முன்னால் இரண்டு பாட்டு, பின்னால் ஒரு சண்டை என்று அவர் ஒரு சாப்பாட்டுக்குப் பணம் கட்டியிருக்கிறார். அவர் முன்னால் ஒரு கிண்ணத்தை மட்டும் வைத்துவிட்டு, இது உயர்ந்த பதார்த்தம் என்று சொன்னால் கோபம் வரத்தானே செய்யும்? கிண்ணத்தில் இருந்தது நல்ல பதார்த்தம்தான். மற்றதெல்லாம் ஏன் இல்லை என்று அவரிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

இன்னொரு விஷயம்: தமிழ் மக்கள் மர்மக் கதைக்குப் புதியவர்கள் இல்லை. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலத்திலிருந்தே துப்பறியும் நாவல்களை விழுந்து விழுந்து படித்தவர்கள். கதை புரியாமல் அவர்கள் எழுந்து போகவில்லை.

‘ராஷோமோன்’ பார்த்து காப்பி அடிச்ச படம்தானே இது?

எல்லாக் கேள்விகளிலும் அதிகம் வருவது இது. பாலசந்தர் ஒரு திரைப்பட விழாவில் ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ (1950) பார்த்து அசந்துபோனார். அந்தப் பாணியில் ஒரு நாடகம் எழுதி வானொலிக்கு அனுப்பினார், அவர்கள் வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். அதுவே பிறகு மெய்யப்பன் கைக்குப் போய்ப் படமானது. ரேடியோ திருப்பி அனுப்பிய நாடகத்தின் நாயகன் ரேடியோ இன்ஜினியர் என்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும்.

ஆக, தூண்டுதல் அங்கிருந்து வந்தது. ஆனால் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘ராஷோமோன்’ படத்தில் ஒரே சம்பவத்தை நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்கிறார்கள். ஒருவர் சொல்வது மற்றவர் சொல்வதோடு ஒட்டாது. கடைசியில் எது உண்மை என்று படம் தீர்ப்புச் சொல்வதே இல்லை. ‘அந்த நாள்’ அப்படியா? இங்கே ஒவ்வொருவரும் ராஜனோடு தங்களுக்கு நேர்ந்த வேறு வேறு சம்பவங்களைச் சொல்கிறார்கள், அதை வைத்து இன்னொருவர் மேல் சந்தேகத்தைத் திருப்புகிறார்கள். முடிவில் உண்மை ஒன்றுதான், அதைப் போலீஸ் கண்டுபிடித்துவிடுகிறது.

இந்த அமைப்புக்கு இன்னும் நெருக்கமானது ஆந்தனி ஆஸ்க்வித் இயக்கிய ‘தி வுமன் இன் கொஸ்டின்’ என்ற பிரிட்டிஷ் படம், அதுவும் 1950தான். கொல்லப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொல்வார்கள், போலீஸ் முடிச்சை அவிழ்க்கும். திரை வரலாறு எழுதுபவர்களில் சிலர் உண்மையான மூலம் இதுதான் என்கிறார்கள். அமைப்பை வைத்துப் பார்த்தால் எனக்கும் அது சரியாகவே படுகிறது. ஆனால் எலும்புக்கூடு எங்கிருந்து வந்தால் என்ன? சதையும் ரத்தமும் இந்த ஊருடையது. சொத்துத் தகராறு, தம்பி மனைவியின் வெடுக்கென்ற நாக்கு, பக்கத்து வீட்டுக்காரரின் மூக்கு நுழைக்கும் குணம், குண்டு விழுமோ என்று பயந்து கிடந்த சென்னை. இதையெல்லாம் எந்த வெளிநாட்டுப் படத்திலிருந்து காப்பி அடிக்க முடியும்?

ராஷோமோன் இல்லைன்னா, ஏன் எல்லா விமர்சனத்துலயும் அந்தப் பேரே வருது?

எழுதுபவருக்குச் சுலபம் என்பதால். ‘ராஷோமோன்’ 1951இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வாங்கி உலகம் முழுக்கப் பேர் பெற்றது. அந்தப் பெயரைப் பக்கத்தில் வைத்தால் நம் படத்துக்கும் கொஞ்சம் பளபளப்பு ஒட்டிக்கொள்ளும் என்ற நப்பாசை. விளைவு என்னவென்றால், படம் பார்க்க வருபவர்கள் ‘உண்மை என்று ஒன்று இல்லை’ என்ற தத்துவத்தை எதிர்பார்த்து வந்து, முடிவில் கொலையாளியைக் காட்டிவிட்டார்களே என்று ஏமாந்து போகிறார்கள். இந்தப் பாராட்டு படத்துக்குச் செய்த கெடுதல் இது.

தமிழின் முதல் ஃபிலிம் நோயர்னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன?

‘கறுப்புப் படம்’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். போர்க்கால ஹாலிவுட் குற்றப் படங்களைப் பார்த்துவிட்டு நீனோ ஃப்ராங்க் என்ற விமர்சகர் 1946இல் அந்தப் பெயரைச் சூட்டினார். ஆழ்ந்த நிழல், சாய்ந்த கோணம், பின்னோக்கிப் போகும் கதை, ஆசையால் அழியும் மனிதன் என்று சில அடையாளங்கள் சொல்வார்கள்.

மாருதி ராவின் நிழலும் வெளிச்சமும், ராஜனின் பேராசையும் அந்த வகைக்குப் பொருந்துகின்றன. ஆனால் உடுப்புதான் நோயர், உள்ளே இருப்பது குடும்பக் கதையோடு பின்னிய துப்பறியும் கதை. நோயர் படங்களில் ஆணைக் கவிழ்க்கும் மாயக்காரிதான் ஆபத்தானவள். இங்கே அந்தக் கணக்கே தலைகீழ். எப்படி என்பதை அடுத்த பகுதியில் சொல்கிறேன். பெயர் பின்னால் வந்தவர்கள் ஒட்டியது. எடுத்தவர்கள் இதை மர்மப் படம் என்று நினைத்துத்தான் எடுத்திருப்பார்கள்.

சிவாஜின்னா ஓவர் ஆக்டிங்னு சொல்வாங்க. இதுல எப்படி?

இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியை இரண்டாவது முறை கேட்டவர் எவரும் இல்லை. ஒரே மனிதனை ஐந்து பேர் நினைவுகூரும்போது ஐந்து சாயல் வர வேண்டும், ஆனால் அது ஒரே ராஜனாகவும் இருக்க வேண்டும். அதைக் கத்தாமல் செய்திருக்கிறார். திறமைசாலியின் திமிர், நாடு தன்னை மதிக்கவில்லை என்ற புகைச்சல், பெண்களிடம் காட்டும் வழவழப்பு எல்லாம் குரலின் ஏற்ற இறக்கத்திலேயே வந்துவிடுகின்றன. ‘மனோகரா’ பார்த்த மறுநாள் இதைப் பாருங்கள். ஒரே ஆண்டில் ஒரே ஆள் என்று நம்ப முடியாது.

கெட்டவனா நடிச்சதால ரசிகர்களுக்குக் கோபமா?

அதுவே காரணம் என்று சொல்ல முடியாது. முந்தின ஆண்டு ‘திரும்பிப் பார்’ (1953) படத்தில் பெண் பித்தனாக நடித்திருந்தார். பிறகு ‘ரங்கோன் ராதா’ (1956) படத்திலும் மனைவியைக் கொடுமைப்படுத்தும் கணவன். அந்த நாட்களில் நாயகனின் பிம்பம் இன்னும் இறுகிப்போகவில்லை.

கொலையாளி யாருன்னு ஏற்கெனவே தெரிஞ்சுபோச்சு. இனிமே பார்த்துப் பிரயோஜனம் உண்டா?

எச்சரிக்கை சொன்னேனே, அது இங்கேதான். படம் பார்க்காதவர்கள் இந்த இடத்தில் நிறுத்துங்கள்.

உண்டு, தாராளமாக. ராஜனைச் சுட்டது மனைவி உஷா. அது தெரிந்த பிறகு பார்த்தால் இது பண்டரிபாயின் படமாக மாறிவிடும். விசாரணை நடக்கும்போது அவர் நிற்கும் நிலை, பார்வையைத் தவிர்க்கும் விதம், துக்கமா குற்றவுணர்வா என்று பிரித்துச் சொல்ல முடியாத முகம் எல்லாவற்றுக்கும் வேறு அர்த்தம் வரும். முதல் முறை பார்க்கும்போது சிவாஜிதான் கண்ணில் நிற்பார். இரண்டாவது முறை அவரைத் தாண்டிப் பார்க்க முடியும். விமர்சனங்கள் சிவாஜிக்குக் கொடுத்த இடத்தில் பாதியைக்கூட பண்டரிபாய்க்குக் கொடுத்ததில்லை. பிற்காலத்தில் அவரைத் திரையுலகம் நிரந்தர அம்மாவாக்கிவிட்டது, அதனால் இந்த நடிப்பு இன்னும் பின்னுக்குப் போய்விட்டது.

மனைவியே கணவனைச் சுடறதை 1954ல ஒத்துக்கிட்டாங்களா?

ஏன் ஓடவில்லை என்ற கேள்வியில் மீதி வைத்தேனே, அது இதுதான். ‘கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன்’ என்று சொல்லி வளர்த்த கூட்டம் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறது. அன்றைய படங்களில் கணவன் எவ்வளவு கெட்டவனாக இருந்தாலும் கடைசி ரீலில் திருந்துவான், மனைவி அழுதுகொண்டே காலில் விழுவாள். உஷா விழவில்லை. கணவன் ஜப்பானியருக்கு உளவு சொல்கிறான் என்று தெரிந்ததும், தாலியா நாடா என்ற கேள்வியில் நாட்டின் பக்கம் நிற்கிறாள்.

பக்கத்து வீட்டுக்காரர், ரகசியக் காதலி, சொத்துக்கு ஆசைப்பட்ட தம்பி என்று சந்தேகப்படத் தகுந்தவர்களை எல்லாம் விட்டுவிட்டு, வீட்டிலேயே நல்லவள் என்று தோன்றும் பெண்தான் கொன்றவள் என்கிறது படம். நோயர் கணக்கு தலைகீழ் என்று சொன்னது இதைத்தான். மூன்று வருடம் கழித்து வந்த ‘மதர் இந்தியா’ (1957) படத்தில் தாய் மகனைச் சுட்டதை நாடே கண்ணீரோடு ஏற்றுக்கொண்டது. அங்கே அந்தத் துப்பாக்கிக்கு முன்னால் மூன்று மணி நேரப் பாட்டும் பாசமும் இருந்தன. இங்கே பாட்டின் ஆறுதல்கூட இல்லாமல், வாக்குமூலமாக வந்து விழுகிறது. பாட்டு இல்லாததை விட இதுதான் அன்றைய பார்வையாளருக்குத் தொண்டையில் சிக்கியிருக்கும் என்பது என் எண்ணம்.

1943ல ஆண்டது வெள்ளைக்காரன்தானே? ஜப்பானுக்கு உதவினா அது எப்படி தேசத் துரோகம்? நேதாஜி என்ன செய்தார்?

இதைக் கேட்டவர் ஒரு கல்லூரி மாணவி. அன்றைக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இப்போதும் முழுமையாக இல்லை, ஆனால் யோசித்த அளவில் சொல்கிறேன்.

சென்னையில் குண்டு விழுந்த பத்தாவது நாள், 1943 அக்டோபர் 21 அன்று, சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் ஜப்பானின் துணையோடு சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். ஆக, ஜப்பானோடு சேர்வது என்பதே அன்றைக்குத் துரோகம் என்று யாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. படம் இந்தச் சிக்கலுக்குள் நேராக நுழையவில்லை. ராஜனின் நோக்கத்தை விடுதலையாக வைக்காமல், தன் திறமையை மதிக்காத நாட்டின் மேல் உள்ள வன்மமாகவும் பேராசையாகவும் வைத்துத் தப்பித்துக்கொள்கிறது. அவன் கொடுக்கும் தகவலால் சாகப் போவது வெள்ளைக்காரன் மட்டும் இல்லை, தெருவில் போகும் தமிழனும்தான் என்பது உஷாவின் பக்கத்து நியாயம்.

1942 ஏப்ரலில் குண்டு பயத்தால் சென்னையே மூட்டை கட்டிக்கொண்டு ஊர்களுக்கு ஓடியது. அந்த ஓட்டத்தில் இருந்தவர்கள்தான் 1954இல் இந்தப் படத்தைப் பார்த்தவர்கள். அவர்களுக்கு இந்த நியாயம் விளக்கம் இல்லாமலே புரிந்திருக்கும். இருந்தாலும், சுதந்திரம் வந்து ஏழாவது வருடத்தில் எடுத்த படம் 1954இன் தேசபக்தியை 1943இன் மேல் போர்த்துகிறது என்ற விமர்சனம் செல்லும். நான் படித்த பாராட்டுக் கட்டுரைகளில் இதைத் தொட்டவர்கள் மிகக் குறைவு. மாணவி தொட்டுவிட்டார்.

பாட்டே இல்லாத முதல் இந்தியப் படமும் இதுதானா?

இல்லை, தமிழில்தான் முதல். இந்தியில் வாடியா மூவிடோன் எடுத்த ‘நவ்ஜவான்’ 1937லேயே பாட்டில்லாமல் வந்துவிட்டது. ‘அந்த நாள்’ வந்த அதே 1954இல் கே. ஏ. அப்பாஸின் ‘முன்னா’, பிறகு பி. ஆர். சோப்ராவின் ‘கானூன்’ (1960) எல்லாம் வந்தன. தமிழில் ‘வீடு’ (1988), ‘குருதிப்புனல்’ (1995), ‘ஆரண்ய காண்டம்’ (2011), ‘விசாரணை’, ‘கைதி’ (2019) என்று இப்போது பட்டியல் நீள்கிறது. ‘கைதி’ பார்த்தவர்கள் பாட்டு எங்கே என்று கேட்டதாக நினைவில்லை. 65 வருடம் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னைக்கு ரொம்பத்தான் தூக்கி வைக்கிறாங்களோ?

2013இல் இந்திய சினிமாவின் நூற்றாண்டை ஒட்டி சி.என்.என்.–ஐ.பி.என். தொலைக்காட்சி வெளியிட்ட நூறு சிறந்த இந்தியப் படங்களின் பட்டியலில் இதற்கு இடம் கிடைத்தது. அதற்கு முன்பே டிவி ஒளிபரப்பிலும் கேசட்டிலும் பார்த்தவர்கள் மூலம் மெல்ல மெல்லப் பெயர் வளர்ந்திருந்தது. தகுதி இல்லாத புகழ் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் குறைகளே இல்லை என்று சொன்னால் பொய். நடுவில் விசாரணை மேடை நாடகம் போல வரிசையாக ஒருவர் மாற்றி ஒருவர் என்று போகிறது, மூன்றாவது வாக்குமூலத்தில் தாளம் தெரிந்துவிடுகிறது. அதிகாரிகளின் பேச்சு சில இடங்களில் பாடம் நடத்துகிறது. கடைசியில் தேசபக்திப் பேச்சு தேவைக்கு ஒரு கைப்பிடி அதிகம். இவற்றைச் சொல்லாமல், ‘பாட்டில்லை, ராஷோமோன், காலத்தை மிஞ்சியது’ என்ற மூன்று மந்திரங்களை மட்டும் சொல்வது படத்தைப் பார்க்காமலேயே பாராட்டும் வழி. ஆரம்பத்தில் குறை உண்டு என்றேனே, அது இதுதான். இல்லாத பாட்டைப் பற்றிப் பேசியே எழுபது வருடம் ஓட்டிவிட்டோம். இருக்கும் எழுத்து, நடிப்பு, ஒளி பற்றிப் பேசவே இல்லை.

எனக்குப் பிடிச்சுது. அடுத்து எதைப் பார்க்கலாம்?

பாலசந்தரின் அடுத்த மர்மப் படங்கள் மூன்று: ‘அவனா இவன்’ (1962), ‘பொம்மை’ (1964), ‘நடு இரவில்’ (1970). ‘நடு இரவில்’ அகதா கிறிஸ்டியின் பிரபலமான தீவுக் கதையின் சாயலில் வருவது. அதை மழை இரவில் பார்க்கலாம்.

ஒன்றுதான் என்றால் ‘பொம்மை’. வெடிகுண்டு வைத்த நடக்கும் பொம்மை ஒன்று கை மாறிக் கை மாறிப் போகும் கதை. இதில் பாட்டு உண்டு, இசையும் பாலசந்தரே. ‘நீயும் பொம்மை, நானும் பொம்மை’ பாடியவர் அப்போது தமிழுக்குப் புதுக் குரலான ஜேசுதாஸ். கதை முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். திரைக்குப் பின்னால் வேலை செய்தவர்களை ஒவ்வொருவராகத் திரையிலேயே கொண்டுவந்து நிறுத்தி, பாலசந்தர் நமக்கு அறிமுகம் செய்து வைப்பார்.